லயத்துக் கரண்டு மேல் போட்ட பழி

பிரியந்தியைப் பற்றித் தோட்டத்தில் யாரிடம் விசாரித்தாலும் முதலில் அவள் வாயைப் பற்றித்தான் சொல்வார்கள். கோபம் மூக்கு நுனியில் நிற்கும், வந்துவிட்டால் கணக்கப்பிள்ளை என்றும் பார்க்க மாட்டாள், தலைவர் என்றும் பார்க்க மாட்டாள் என்பார்கள். அதெல்லாம் சரிதான். ஆனால் அவ்வளவு கோபக்காரிக்கு வரவேண்டிய இடத்தில் கோபம் வராமல் போன சங்கதி ஒன்று உண்டு. அதை நினைத்தால் இன்றைக்கும் வயிறு எரிகிறது.

லிந்துலைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டம் ஒன்றின் மேட்டு லயத்தில், தொழிலாளர்களுக்கு ஒரே கூரையின் கீழ் வரிசையாகக் கட்டிய வீடுகளில் ஒன்றில், பிறந்தவள் அவள். ஏ.எல். பரீட்சை எழுதிய கையோடு கொழும்புக்குப் போனாள். புடவைக் கடையில் கால் கடுக்க நின்றாள். பிறகு வீட்டுப் படம் வரையும் கம்பனி ஒன்றில் தொலைபேசி எடுக்கவும் தேத்தண்ணீர் கொடுக்கவும் சேர்ந்தாள். மற்றவர்கள் சாப்பிடப் போகும் நேரத்தில் காலியான கம்ப்யூட்டர் ஒன்றின் முன்னால் உட்கார்ந்து விடுவாள். யாரும் சொல்லித் தரவில்லை, யாரும் தடுக்கவும் இல்லை. இன்னும் கட்டாத வீட்டுக்குள் நாம் நடந்து போவதுபோல, சன்னல் வெளிச்சம் தரையில் விழுவதுவரை காட்டும் வீடியோக்களை அந்தக் கம்பனியில் அவளைவிட நன்றாகச் செய்ய ஆளில்லை என்று ஆனபோது, தேத்தண்ணீருக்கு வேறு ஆள் வைத்தார்கள்.

இடையில் கல்யாணம் ஆனது. கணவன் ஜெயகாந்தன் தோட்டத்துக் கொழுந்து லொறி ஓட்டுபவன், வாய் பேசாத நல்ல மனிதன். மகள் சுலக்ஷனா பிறந்து பால் மறந்ததும் பிரியந்தி மறுபடி கொழும்புக்கே போனாள். பிள்ளையைப் பார்த்துக்கொண்டது லயத்தின் கடைசி வீடான கடைசிக் காம்பிராவில் இருக்கும் நாகலெட்சுமி. புருஷன் இல்லை, மகள் குவைத்தில், தானும் மலையில் வேலை செய்து ஓய்ந்தவள். கூலிக்குப் பார்க்கவில்லை, ஆசைக்குப் பார்த்தாள். பிரியந்தி பௌர்ணமி விடுமுறையான போயாவுக்குப் போயா வந்து போனாள். பிள்ளை பேசத் தொடங்கியபோது நாகலெட்சுமியை அம்மா என்றது, பெற்றவளைக் கொழும்பு அம்மா என்றது. கேட்டவர்கள் சிரித்தார்கள். பிரியந்தியும் கூடச் சிரித்துவிட்டு, திரும்பிப் போகிற பஸ்ஸில் கொட்டகலை தாண்டும்வரை அழுதாள்.

பிள்ளையைப் பள்ளிக்கூடத்தில் சேர்த்த வருஷம் அவள் கம்பனி முதலாளியம்மாவான நோனாவிடம் போய், வீட்டிலிருந்தே வேலை செய்கிறேன் என்று கேட்டாள். நோனா யோசித்தார். தெற்கே கட்டப்போகும் ஹோட்டல் ஒன்றின் வீடியோவை முழுக்க வீட்டில் இருந்தபடி செய்து மாத முடிவுக்குள் அனுப்பு, சரியாக வந்தால் அங்கேயே இரு, வராவிட்டால் உன் மேசை இங்கே இருக்கிறது என்றார். நியாயமான பேச்சு. பிரியந்தி சேர்த்து வைத்திருந்த சீட்டை எடுத்து, ஹட்டனில் ஒரு கடையில் சொல்லி, பெரிய கிராஃபிக்ஸ் கார்ட் போட்ட கம்ப்யூட்டர் ஒன்றைச் செய்து வாங்கிக்கொண்டு ஊர் வந்து சேர்ந்தாள். அந்த இயந்திரம் வேலை செய்தால் மகளோடு இருக்கலாம். செய்யாவிட்டால் மறுபடி கொழும்பு அம்மா.

செய்யவில்லை. சாதாரண வேலைக்கெல்லாம் ஒரு குறையும் இல்லாமல் ஓடியது. ஹோட்டல் வீடியோவைக் கோர்க்கக் கொடுத்தால் மட்டும், கார்ட் மூச்சைப் பிடித்து இழுக்கத் தொடங்கிய சற்று நேரத்தில், யாரோ வயரைப் பிடுங்கியதுபோல இயந்திரம் அப்படியே அணைந்துவிடும். ஓர் எச்சரிக்கை கிடையாது, ஓர் எழுத்துக் கிடையாது. முதலில் சூடாகிறதோ என்று பக்கத்துத் தகட்டைக் கழற்றிப் பார்த்தாள். லிந்துலைக் குளிரில் எது சூடாகும்? வெப்பக் கணக்கும் சரியாகவே இருந்தது. கடைக்குப் போன் போட்டாள்.

கடைக்காரன் விதுசன் யாழ்ப்பாணத்துப் பையன், ஹட்டனில் கடை போட்டுக் கொஞ்ச வருஷம்தான். மரியாதையாகத்தான் பேசுவான். எப்போது நிற்கிறது, எந்த வேலைக்கு நிற்கிறது என்று ஒன்றும் கேட்கவில்லை. எந்த இடம் என்று கேட்டான். சொன்னாள். லயமா, தனி வீடா என்று கேட்டான். லயம் என்றாள். அவ்வளவுதான், நோய் கண்டுபிடித்தாகிவிட்டது.

"அக்கா, மெசினிலை ஒரு பிழையும் இல்லை. உங்கட லயத்திலை வாற கரண்ட் காணாது, பலம் குறைவு. அங்க இருந்து கொண்டுவாற எல்லாருக்கும் இதுதான் பிரச்சினை."

வைத்தியர் ஒருவர் நாடி பிடிக்காமல், நாக்கைப் பார்க்காமல், நோயாளியின் விலாசத்தை மட்டும் கேட்டு மருந்து எழுதினால் சும்மா விடுவோமா? ஆனால் இந்த மருந்தைப் பிரியந்தி வாய் திறந்து வாங்கிக் குடித்தாள். இத்தனை வருஷம் கம்ப்யூட்டரோடு மாரடித்தவள், மூக்கு நுனியில் கோபம் வைத்திருப்பவள், ஒரு கேள்வி கேட்கவில்லை. ஏனென்றால் அது அவள் காதுக்குப் புதிய வார்த்தையாக இல்லை. லயத்தில் கூரை ஒழுகும், லயத்தில் தண்ணீர் வராது, லயத்துப் பிள்ளைகளுக்குக் கணக்கு வராது. லயத்துக் கரண்டு மட்டும் நல்ல கரண்டாகவா இருக்கப்போகிறது? பிறந்ததிலிருந்து கேட்ட வரிசையில் இதுவும் ஒன்றாகப் போய் உட்கார்ந்துகொண்டது.

விதுசன் ஸ்டெபிலைசர் ஒன்றை வாங்கச் சொன்னான், அவன் கடையிலேயே. கரண்டை நிலையாக வைத்திருக்கும், முன்னால் இருக்கும் முள் எவ்வளவு வருகிறது என்று காட்டும் என்றான். வாங்கிக் கொண்டுவந்து மேசைக்கு அடியில் வைத்தாள். இயந்திரம் அணைந்தது. பகலில் அணைந்தால் தேயிலை ஃபேக்டரி கரண்டை இழுக்கிறது என்றான். சாயந்திரம் அணைந்தால் லயம் இழுக்கிறது என்றான். எந்த நேரத்துக்கும் அவனிடம் ஒரு காரணம் தயாராக இருந்தது, ஒரு தடவையாவது இயந்திரத்தைக் கொண்டுவா பார்க்கிறேன் என்று மட்டும் வரவில்லை.

விஷயம் தோட்டத் தலைவர் முத்துலிங்கத்தின் காதுக்குப் போனது. கூட்டம் போடுவதென்றால் அவருக்குச் சோறு தண்ணீர் வேண்டாம். லயத்து முன்திண்ணையான இஸ்தோப்பில் எல்லாரையும் நிற்க வைத்து, நம்ம தோட்டத்துப் பிள்ளை இங்கிருந்தே கொழும்புக்கு வேலை செய்யப் பார்க்கிறது, சாயந்திரம் ரெண்டு மணி நேரம் நாம் எல்லாரும் கரண்டை நிறுத்தினால் குறைந்தா போவோம் என்று கேட்டார். ஒருவர் கூட மாட்டேன் என்று சொல்லவில்லை. மலையில் நாள் முழுக்க நின்று, நனைந்து வந்த சனம், விளக்கை அணைத்துவிட்டுக் குப்பி லாம்பு வெளிச்சத்தில் ரொட்டி தட்டியது. டீவியில் நாடகம் பார்க்கவில்லை, உடுப்பு அழுத்தவில்லை. அழகம்மா என்ற கிழவி இருட்டில் தண்ணீர் ஓடும் கானுக்குள் கால் விட்டுக் கணுக்கால் பிசகிப் படுத்தாள், அதற்கும் முனகவில்லை. இப்படிப்பட்ட மனிதர்கள் எந்த ஊரில் கிடைப்பார்கள்? இவர்களுடைய நல்ல மனசை யாரோ ஒருவன் போனில் சொன்ன ஒரு வார்த்தைக்காகச் செலவழிக்க வைத்தோமே என்பதுதான் கொடுமை.

அத்தனை பேரும் இருட்டில் இருந்தும் இயந்திரம் அணைந்தது.

அப்போதாவது யோசித்திருக்க வேண்டாமா? யோசித்தார்கள், ஆனால் வேறு திசையில். எல்லாரும் நிறுத்தியும் போகிறதென்றால், யாரோ ஒருவர் நிறுத்தவில்லை. யார்? நாகலெட்சுமியிடம் கரண்டுக் கேத்தல் ஒன்று இருந்தது, மகள் குவைத்திலிருந்து அனுப்பியது. தோட்டத்தில் வேறு யாரிடமும் அப்படி ஒன்று கிடையாது. அதில்தான் அவள் சுலக்ஷனாவுக்குக் குளிக்க வெந்நீர் வைப்பாள். கேத்தல் எவ்வளவு இழுக்கும் தெரியுமா என்று ஒருவர் ஆரம்பித்தார். கடைசிக் காம்பிரா, கதவைச் சாத்திக்கொண்டால் யாருக்குத் தெரியும் என்று இன்னொருவர் முடித்தார். இயந்திரம் அணையும் ஒவ்வொரு தடவையும் ஆட்கள் இஸ்தோப்பில் எட்டிப் பார்ப்பார்கள். மேசைக்கு அடியில் இருந்த ஸ்டெபிலைசரின் முள்ளை ஒருவரும் பார்க்கவில்லை. நாகலெட்சுமியின் கதவைப் பார்த்தார்கள்.

நாகலெட்சுமி முதலில் சிரித்தாள். பிறகு அழுதாள். பிறகு ஒரு வெள்ளிக்கிழமை எல்லாரையும் மாரியம்மன் கோயிலுக்கு வரச் சொல்லி, சாமி முன்னால் சூடத்தை ஏற்றி, நான் அந்த நேரத்தில் கேத்தலைத் தொட்டிருந்தால் என் மகள் என் முகத்தில் முழிக்காமல் போகட்டும் என்று சொல்லி, எரிகிற சூடத்தை உள்ளங்கையால் அடித்து அணைத்தாள். எங்கள் மலையில் அதற்கு மேல் ஒரு சத்தியம் கிடையாது. கையில் கொப்புளம் போட்டது. அதோடு பேச்சு முடிந்திருக்க வேண்டும்.

அன்றைக்குச் சாயந்திரமே இயந்திரம் மறுபடி அணைந்தது. சாமியையே ஏமாற்றுகிறாளே என்று இஸ்தோப்பில் யாரோ சொன்னார்கள். தன் மகளை மடியில் போட்டு வளர்த்தவளைப் பற்றி அப்படிச் சொன்னபோது பிரியந்தி உள்ளேதான் இருந்தாள். காதில் விழுந்தது. கணக்கப்பிள்ளை என்றும் தலைவர் என்றும் பார்க்காத அந்த வாய் திறக்கவில்லை. கேத்தலாகத்தான் இருக்குமோ என்று அவளுக்குள்ளும் ஒரு சந்தேகம் ஓடியது. மறுநாள் சுலக்ஷனா வழக்கம்போல ஓடிப்போய் நிற்க, நாகலெட்சுமி வாசலிலேயே வைத்து, உங்கம்மாகிட்டப் போ என்று திருப்பி அனுப்பினாள். பிள்ளை அன்றைக்குச் சாப்பிடவில்லை.

மாதம் முடியப் போனது. நோனா கடைசியாகத் திங்கட்கிழமைவரை பொறுப்பேன் என்றார். ஒரு காலை, லயத்தில் ஈ காக்கை இல்லை, எல்லாரும் மலையில். பிரியந்தி வீடியோவை ஓடவிட்டு, நாற்காலியில் இருக்கவும் மனசில்லாமல் தரையில் சுவரோடு சாய்ந்து உட்கார்ந்தாள். கண்ணுக்கு நேரே மேசைக்கு அடியில் ஸ்டெபிலைசர். மேலே இயந்திரம் இரைந்தது, இரைந்து, சட்டென்று அணைந்தது. ஸ்டெபிலைசரின் முள் இருநூற்று முப்பதில் நின்றது நின்றபடி நின்றது. தலைக்கு மேல் எரிந்த பல்பு ஒரு சிமிட்டு கூடச் சிமிட்டவில்லை.

கரண்டு வந்துகொண்டே இருக்கிறது. வந்த கரண்டை வாங்கிப் பிரித்துக் கொடுக்கிற எதுவோ உள்ளேதான் விழுகிறது. எழுந்து வேலையில் இறங்கினாள். கார்டுக்கு வேலை கொடுக்காமல், கணக்குப் போடும் மூளைக்கு மட்டும் வேலை கொடுத்து வாட்டினாள், ஒன்றும் ஆகவில்லை. கார்டைப் பாதிப் பலத்தில் ஓடவிட்டாள், நத்தைபோல நகர்ந்தது, ஆனால் அணையவில்லை. முழுப் பலத்தில் விட்டாள், போய்விட்டது. மூன்று தடவை மாற்றி மாற்றிச் செய்தும் அதே பதில். சுவரிலிருந்து வரும் கரண்டை இயந்திரத்துக்குப் பங்கிட்டுக் கொடுக்கிற பவர் சப்ளைப் பெட்டிக்குத்தான் தெம்பில்லை. இவ்வளவுதான் விஷயம், ஒரு காலைப்பொழுது வேலை. இதைக் கடையில் இருந்தே பார்த்திருக்கலாம். அவள்தான் முதல் நாளே பார்த்திருக்கலாம். அந்த நினைப்பில் அவளுக்கு வந்த கோபத்தில் பாதி விதுசன் மேல், பாதி தன் மேல்.

ஜெயகாந்தன் லீவு போட்டான். இயந்திரத்தைக் கம்பளியில் சுற்றி ஆட்டோவில் ஏற்றி ஹட்டனுக்குக் கொண்டுபோனார்கள். பிரியந்தி கடைக்குள் நுழைந்து, பேச்சு வார்த்தை எதுவும் இல்லாமல், விதுசனின் மேசையில் வைத்து, விதுசனின் சுவரில் செருகி, வீடியோவை ஓடவிட்டாள். அவனுடைய நல்ல டவுன் கரண்டில், அவனுடைய கண் முன்னால், இயந்திரம் பொத்தென்று அணைந்தது.

வாயடைத்துப் போவான் என்றுதான் யாரும் நினைப்போம். அவன் தலையை ஆட்டினான். பாருங்கோ அக்கா, உங்கட கரண்ட் உள்ள இருக்கிற பெட்டியைப் பழுதாக்கிப் போட்டுது என்றான். அப்படியும் லயம்தான்.

பிரியந்தி அலமாரியைக் காட்டினாள். அதே பெட்டி, அதே பெயர், பிளாஸ்டிக் உறை பிரிக்காமல் நாலைந்து அடுக்கியிருந்தது. அதில் ஒன்றைப் பிரித்துப் போடச் சொன்னாள். அவன் தயங்கினான், கடையில் நின்ற இரண்டு மூன்று பேர் திரும்பிப் பார்க்கத் தொடங்கியதும் பிரித்துப் போட்டான். வீடியோ ஓடியது. கார்ட் இரைந்தது. அணைந்தது.

"இந்தப் பெட்டி எங்க லயத்தப் பார்த்ததே இல்லங்க," என்றாள் பிரியந்தி. "இத எந்தக் கரண்டு பழுதாக்குச்சு?"

விதுசன் பெட்டியைக் கழற்றக் கை நீட்டினான். அதற்குள் காசு மேசையில் இருந்த அவன் மனைவி நிரூபா, ஒரு கெட்ட எண்ணமும் இல்லாமல் வாய் விட்டாள். "ஏனப்பா, அந்தப் பல் டொக்டற்ற மெசினும் இப்பிடித்தானே நிண்டது? வேற பெட்டி போட்டுக் குடுத்தனீங்கள் எல்லே?"

ஆக, தெரியாமல் இல்லை. பல் டாக்டருக்கு நின்றபோது பெட்டி பழுது. அவருடைய வீட்டுக் கரண்டைப் பற்றி யாரும் விசாரிக்கவில்லை. தோட்டத்து ஆளுக்கு நின்றபோது லயம் பழுது. விதுசனைக் கேட்டால் ஏமாற்ற நினைக்கவில்லை என்று சூடம் அணைப்பான், அது உண்மையாகவும் இருக்கும். அந்தப் பெட்டிகளை அவன் தலையில் கட்டியவன் எவனோ கொழும்பில் இருப்பான். லயம் என்ற சொல்லைக் கேட்டதும் அவன் மூளை அங்கேயே நின்றுவிட்டது, அதற்கு அப்பால் ஒரு படி எடுத்து வைக்கத் தோன்றவில்லை. ஏமாற்றியிருந்தால் கூட ஒரு வகையில் மன்னிக்கலாம்.

பிரியந்தி அன்றைக்குப் பேசிய பேச்சைக் கேட்க மணிக்கூட்டுக் கோபுரம்வரை ஆள் சேர்ந்தது என்று ஜெயகாந்தன் பிறகு சொன்னான். இருட்டில் ரொட்டி தட்டியதைச் சொன்னாள், அழகம்மாவின் காலைச் சொன்னாள், உன் ஒரு வார்த்தைக்கு ஒரு லயமே விளக்கை அணைத்தது என்று சொன்னாள். விதுசன் சொறி அக்கா, சொறி அக்கா என்றபடி, கனமான வேறு பெட்டி ஒன்றை எடுத்து மாட்டினான். வீடியோ ஓடியது, ஓடிக்கொண்டே இருந்தது. ஒரு மணி நேரம் அங்கேயே உட்கார்ந்து பார்த்துவிட்டுத்தான் அவள் வயரைக் கழற்றினாள்.

வீட்டுக்கு வந்து ஓடவிட்டாள். லயம் முழுக்க விளக்கு எரிந்தது, நாடகம் ஓடியது, யாரோ உடுப்பு அழுத்தினார்கள். ஹோட்டல் வீடியோ ஓர் இடத்திலும் நிற்காமல் முடிந்து, ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் கொழும்புக்குப் போய்ச் சேர்ந்தது. நோனா போன் எடுத்து, நீ அங்கேயே இரு மகள் என்றார். முத்துலிங்கம் அதற்கும் ஒரு கூட்டம் போட்டார். நம்ம கரண்டுல ஒரு குறையும் இல்லை, கடைக்காரனே ஒத்துக்கொண்டான் என்று அறிவித்தபோது சனம் கை தட்டியது. நாகலெட்சுமி அந்தக் கூட்டத்துக்கு வரவில்லை. அவள் பெயரையும் யாரும் எடுக்கவில்லை. கேத்தல் பேச்சை எல்லாரும் சேர்ந்து மறந்துவிட்ட மாதிரி இருந்தது.

பிரியந்தியால் மறக்க முடியவில்லை. சாயந்திரம் மகளையும் கூட்டிக்கொண்டு கடைசிக் காம்பிராவுக்குப் போனாள். நாகலெட்சுமி அடுப்படியில் விறகை ஊதிக்கொண்டிருந்தாள். கேத்தல் துணி சுற்றி அலமாரியின் மேல் ஏறியிருந்தது. பிரியந்தி நின்றபடியே எல்லாவற்றையும் ஒரே மூச்சில் சொன்னாள். பெட்டிதான் பழுது, கடையில் வைத்தே நிரூபித்தேன், எல்லார் முன்னாலும் கேட்டேன், அவனே வாயால் ஒத்துக்கொண்டான் என்றாள். கடைசியில், உங்க மேல தப்பில்லன்னு இப்ப எல்லாருக்கும் தெரிஞ்சு போச்சுக்கா என்றாள்.

நாகலெட்சுமி ஊதுகுழலைக் கீழே வைத்தாள்.

"சாமி முன்னால சூடத்த அணைச்சேன். அப்ப ஒருத்தரும் நம்பல, நீயும் நம்பல. அட்டன்ல கடைக்காரன் ஒரு பெட்டிய மாத்தினதும் நான் நல்லவளாயிட்டேனாக்கும்."

கடையில் அத்தனை பேர் நடுவே விதுசனின் ஒவ்வொரு சொல்லுக்கும் மறுசொல் வைத்திருந்த பிரியந்தி இங்கே மகளின் கையை மட்டும் இறுகப் பிடித்துக்கொண்டாள். சுலக்ஷனா அம்மாவின் கையை உதறிவிட்டு உள்ளே ஓடி, நாகலெட்சுமியின் சேலைத் தலைப்பைப் பிடித்துக்கொண்டாள். நாகலெட்சுமி அந்தக் கையை விலக்கவில்லை. பிள்ளையைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டு, அடுப்பைப் பார்த்தபடியே சொன்னாள்.

"புள்ள இருக்கட்டும். நீ போ."